அக்னி கழியட்டும்

எத்தனை கம்பி, என்ன நிறம் என்று
கேட்பாள் என நினைத்துப் போனேன்.
"கையைக் காட்டுங்க" என்றாள் ஹெப்சிபா.

காட்பாடி, கழிஞ்சூர் தாண்டி
ரயில்பாதை ஓரத்துத் தகரக் கொட்டகை.
மரத்தூள் படிந்த மேசையில் இடது கையை வைத்தேன்.
செவுள் பார்த்து மீன் வாங்குகிறவள் போல
புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

சுண்டுவிரல் மடங்கியது மடங்கியபடிதான்.
பதினோராயிரம் வோல்ட் என்று
ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன்.
அவளிடம் உள்ளதைச் சொன்னேன்:
வீட்டு லைன்தான், சத்துவாச்சாரி,
மழைநாள், யாரோ ஒருவரின் மிக்ஸிக்காக.
அளவெடுப்பவரிடம் பொய் சொன்னால்
சட்டை சேராது.

எழுதிக்கொண்டாள்.
கன்னியப்பன், மின்வாரியம்.
பேஸ் கிட்டார், நான்கு கம்பி.
கம்பி நீளம் முப்பது அங்குலம்,
வழக்கத்தைவிட நாலு குறைவு.
உடல் மலைவேம்பு, கழுத்து தேக்கு,
விரல்பலகை ஈட்டி.
கழுத்தின் முதுகு ஒரு பக்கம் சரிவாக,
நாலாம் விரல் வராத இடத்துக்கு
மூன்றாம் விரல் போய்ச் சேரும்படி.

நின்னு வாசிப்பீங்களா, உட்கார்ந்தா?
நின்றுதான். ராத்திரி பத்திலிருந்து
அம்மன் ஊர்வலம் கிளம்பும்வரை.
"அப்போ மூணரைக் கிலோ."
இரண்டு முறை அடிக்கோடிட்டாள்.

அட்வான்ஸ் பதினைந்தாயிரம்.
வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி என்றேன்.
கற்பகவல்லிக்கும் வாரியத்தில்தான் வேலை, கணக்குப் பிரிவு.
பேட்டரிக்கு எத்தனை கம்பி என்று
மட்டும் கேட்டாள்.

பங்குனியில் போய்ப் பார்த்தேன்.
உடல் ஒரு மூலையில் பழைய போர்வைக்குள்.
கழுத்து மட்டும் தகரத்துக்குக் கீழே
கயிற்றில் தொங்கியது.
வைகாசி ஒண்ணு, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு,
எங்கள் ஆர்க்கெஸ்ட்ராதான், அதற்குள் வேண்டும் என்றேன்.

"அக்னி கழியட்டும்."

கூடப் பணம் தருகிறேன் என்றேன்.
"வேலூர் வெயில் பார்க்காத கழுத்தை
நான் வெளிய விடமாட்டேன்.
வளையறதுன்னா இங்கயே வளையட்டும்."

அதற்குமேல் எனக்கென்ன பேச்சு?
மே மாத உச்சியில்
இரண்டு கம்பத்துக்கு நடுவில் லைன்
எத்தனை அடி தொய்யும் என்று
என் பிடரிக்குத் தெரியும்.

குடியாத்தத்தில் பழைய கிட்டாரோடு நின்றேன்.
விடியலில் தேங்காய் உடைபடுகிற சத்தம்
எங்கள் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் அமுக்கியது.
கூட்டத்தின் தலைகளுக்கு மேலே
சிரசு நகர்ந்து போனது, உடலைத் தேடி.
கழிஞ்சூரில் தொங்குவதை நினைத்தேன்.
அம்மா மன்னிக்கட்டும்.

ஆனி பிறந்து கூப்பிட்டாள்.
கழுத்து உடலில் ஏறியிருந்தது.
தோலில் மாட்டினேன், கனமே இல்லை.
ஆம்ப்பைப் போட்டதும் முனகல்.
வாசிக்காத ஒரு சுரம், விடாமல்.
அவள் முகம் சுருங்கியது,
ஒயரை மாற்றினாள், பிக்கப்பைத் திறந்தாள்.
எனக்கு அந்தக் குரல் பழக்கம்.
"மரத்துல இல்லம்மா. உங்க எர்த் செத்திருக்கு."

கொல்லையில் குழி தோண்டினேன்.
கரி, உப்பு, நாலு குடம் தண்ணீர்.
அவள் விளக்குப் பிடித்தாள்,
ஒரு வார்த்தை பேசாமல்.

பிறகு கொட்டகையில் அப்படியொரு அமைதி.
கீழ்க் கம்பியைத் தொட்டேன்.
மேசையிலிருந்த திருகாணிகள் நடந்தன.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள்.
"மேல் கம்பி, ஏழாவது கட்டை.
அந்தச் சுரம் சீக்கிரம் அணைஞ்சிடும்.
எல்லாக் கழுத்துலயும் எங்கயாவது ஒண்ணு இருக்கும்.
முதல்ல இது அஞ்சுல இருந்துச்சு.
தலையில பித்தளை வெச்சு நகர்த்தினேன்,
உங்க சுண்டுவிரல் போயிருக்க வேண்டிய இடத்துக்கு."

மீதிப் பணத்தை எண்ணி வைத்தேன்.
எவ்வளவு சீக்கிரம் அணைகிறது பார்ப்போம் என்று
மணிக்கட்டைத் திருப்பி
மடங்கிய விரலாலேயே அங்கே அமுக்கி
மீட்டினேன்.

லால்பாக் வந்துவிட்டது.